மதுரையில் இரண்டு பேர், இரண்டு ராத்திரி: சாப்பாடு, கோயில், இரவு உலாவுக்கு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்துக்கோ கொடைக்கானலுக்கோ போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகும் ஊராகத்தான் பலர் மதுரையை வைத்திருக்கிறார்கள். காலையில் மீனாட்சி அம்மன் தரிசனம், மதியம் ஒரு மெஸ் சாப்பாடு, சாயங்காலம் பஸ். அப்படிப் போனால் ஊர் பாதிகூடக் கண்ணில் படாது. மதுரை களைகட்டுவதே வெயில் இறங்கிய பிறகுதான். பகல் கடைவீதியான நாளங்காடியையும் இரவுக் கடைவீதியான அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி தனித்தனியாகப் பாடுகிறது. சங்க காலத்துப் பழக்கம் இன்றைக்கும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. ஆகவே இந்தத் திட்டம் முழுக்க ஒரே ஒரு முடிவின் மேல் நிற்கிறது: மத்தியானம் தூங்கிவிடுங்கள், ராத்திரி சுற்றுங்கள்.

கூட ஒருவர் இருப்பது அவசியம் என்பேன். கணவன் மனைவியோ, பள்ளிக்கூட நண்பர்களோ, அக்கா தங்கையோ, யாராகவும் இருக்கலாம். தனியாகப் போனால் இரண்டு கடையோடு வயிறு நிறைந்துவிடும். ஐந்தாறு பேராகப் போனால் பிளாட்பாரக் கடையில் உட்கார இடம் கிடைக்காது, எங்கே போவது என்று முடிவு செய்யவே அரை மணி நேரம் போய்விடும். இரண்டு பேர் என்றால் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே ராத்திரியில் நாலைந்து கடை பார்க்க அதுதான் வழி.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அருமையான காலம். பனியும் குறைந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தைப்பூசத்தை ஒட்டிப் போனால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழாவும் பார்க்கலாம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கோயிலை நிறைத்துவிடும். நிதானமாகச் சிற்பம் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்காக வருவது வேறு பயணம். அதற்குத் தனியாகத் திட்டம் போட வேண்டும்.

சித்திரைத் திருவிழா பற்றி ஒரு வார்த்தை. மீனாட்சி திருக்கல்யாணம், மாசி வீதிகளில் தேரோட்டம், சித்ரா பௌர்ணமியன்று வைகையில் அழகர் இறங்குவது என்று ஊரே விடிய விடிய விழித்திருக்கும். வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் கோயிலையும் கடைகளையும் நிதானமாகப் பார்க்க முடியாது, அறை கிடைப்பதும் சிரமம். முதல் தடவை வருகிறவர்கள் சாதாரண நாளில் வந்து ஊரைப் பழகிக்கொண்டு, அடுத்த தடவை திருவிழாவுக்கு வாருங்கள்.

வாரத்தில் திங்கள் முதல் வியாழனுக்குள் இரண்டு நாள் அமைந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் வரிசை நீளம், காந்தி அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை.

படி 2: போய்ச் சேருவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு ரயில்தான் என் சிபாரிசு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியும்போது மதுரை. பஸ்ஸில் வந்தால் எந்த நிலையம் என்று கவனியுங்கள். சென்னை, திருச்சி, திருநெல்வேலி பக்கத்து வண்டிகள் மாட்டுத்தாவணிக்கு வரும். கோவை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தால் ஆரப்பாளையம். ஊருக்குள் ஓடும் டவுன் பஸ்களுக்குப் பெரியார் நிலையம்.

அறையை ரயில்வே ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் எடுங்கள். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் எல்லா விலையிலும் லாட்ஜ்கள் உண்டு. மாட்டுத்தாவணிப் பக்கம் அறை பெரிதாகவும் புதிதாகவும் கிடைக்கலாம். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நடந்தே அறைக்குத் திரும்புகிற வசதி அங்கே கிடையாது, இந்தப் பயணத்துக்கு அதுதான் முக்கியம். இருவரின் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், லாட்ஜில் இரண்டு பேருடையதையும் கேட்பார்கள்.

தெருக்களின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மதுரையில் வழி தவறாது. நடுவில் கோயில். அதற்குள்ளேயே ஆடி வீதி, வெளியே சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. எல்லாம் சதுரம் சதுரமாகச் சுற்றி வரும். கிழக்கு, மேலை, தெற்கு, வடக்கு என்று முன்னால் சேர்த்துக்கொண்டால் முகவரி வந்துவிடும். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் ஓடும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் பிற்காலத்தவை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானவை. அந்த வேலையில் சர்வேயராக இருந்தவர் மாரட், மேஸ்திரியாக இருந்தவர் பெருமாள். நீங்கள் அறை எடுத்திருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன.

படி 3: கிளம்பும் முன் இருவரும் பேசிக்கொள்ள வேண்டியவை

கூட வருபவர் சைவமா அசைவமா, எந்தக் கறி ஆகாது, எவ்வளவு காரம் தாங்கும் என்பதை முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். ஒருவர் சைவம், ஒருவர் அசைவம் என்றாலும் மதுரையில் பிரச்சினை இல்லை. ஒரே தெருவில் இரண்டு வகைக் கடையும் இருக்கும், மாறி மாறி உட்காரலாம். மற்றவர் சாப்பிடும்வரை காத்திருக்கிற பொறுமைதான் வேண்டும்.

அடுத்தது தூக்கம். விடியற்காலையில் எழுகிறவரும் நள்ளிரவில் விழிக்கிறவரும் சேர்ந்து வந்தால் மத்தியானத் தூக்கம்தான் இருவரையும் சேர்த்து வைக்கும். அதை யாரும் வெட்டக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். யுபிஐ எங்கும் செல்லும் என்றாலும் தள்ளுவண்டிக்கும் ஆட்டோவுக்கும் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறும் முன் வாடகையைப் பேசிவிட வேண்டும், அல்லது ஆப்பில் பிடிக்கலாம். கூட வருபவர் இந்துவாக இல்லாவிட்டால் கோயிலின் கருவறைச் சன்னதிகளுக்குள் அனுமதி இல்லை. குளம், மண்டபங்கள், பிரகாரங்களின் பெரும்பகுதி பார்க்கலாம். வாசலில் போய்த் தெரிந்துகொண்டு மனம் வருந்துவதைவிட முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

படி 4: முதல் நாள் காலை

குளித்துவிட்டு எட்டு மணிக்கு மேல மாசி வீதிப் பக்கம் இட்லியும் பொடி ஊத்தப்பமும் சாப்பிடுங்கள். சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த முருகன் இட்லி கடை இந்த ஊரிலிருந்து கிளம்பியதுதான். இதே மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி மேலாடையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். அந்தக் கட்டிடத்தில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. நாளைக்குக் காந்தி அருங்காட்சியகம் போகப் போகிறோம் என்பதால் இன்றைக்கே வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குத் திருமலை நாயக்கர் மகால் திறந்துவிடும். 1636இல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் இதன் பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். உள்ளே நுழைந்ததும் முற்றத்தில் நின்று, இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்களை அண்ணாந்து பாருங்கள். காலைப் பத்து மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது, முற்றத்தில் வெளிச்சமும் சாய்வாக விழும். மாலை ஒலி ஒளிக் காட்சி அன்றைக்கு உண்டா என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகாலிலிருந்து வடக்கே நடந்தால் பத்துத் தூண் சந்து. பழைய அரண்மனையின் பத்துத் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே வானம் பார்த்து நிற்கின்றன. துணி மூட்டையும் சைக்கிளும் அதன் காலடியில் சாய்ந்திருக்கும். எனக்கு மகாலைவிட இந்தச் சந்து பிடிக்கும். இந்தப் பக்கத்திலேயே சுங்குடிச் சேலை பார்த்துவிடுங்கள். நாயக்கர் காலத்தில் வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததையும் அச்சில் புள்ளி வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கையால் முடிந்த சேலையில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், துணியைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் தட்டுப்படும்.

நாலு எட்டு வைத்தால் விளக்குத்தூண். அங்கே 1977இலிருந்து இருக்கும் ஜிகர்தண்டா கடையில் நின்றபடியே ஒன்று வாங்கிப் பகிருங்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஏடு மணக்கும் ஐஸ்கிரீம். கலக்கிவிடாமல் மேலிருந்து கீழாகக் குடித்துப் பாருங்கள், கடைசியில் வரும் கடற்பாசிக்குத் தனி ருசி. ஆளுக்கு ஒன்று குடித்தால் மதியச் சாப்பாடு போய்விடும்.

படி 5: மதியச் சாப்பாடு, தூக்கம்

அசைவம் என்றால் ஆட்டோ பிடித்து வைகைப் பாலம் தாண்டி தல்லாகுளம் போங்கள். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று பேர்போன மெஸ்கள் அந்தப் பக்கம்தான். இங்கே கேட்க வேண்டியது அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீனைத் தலையோடு முழுசாகப் போட்டுப் புளி ஊற்றி வைத்த குழம்பு. விலை கூடத்தான், விசாரித்துவிட்டு ஒன்றே வாங்குங்கள். ஒரு முழுச் சாப்பாடு, கூட மட்டன் சுக்கா, ஒரு அயிரை. இரண்டு பேருக்கு இது தாராளம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை வைத்துப் போடும் ஆம்லெட்டும் இந்தப் பக்கத்தில் பிரபலம், ராத்திரிக்கு இடம் வேண்டும் என்பதால் நான் அதை விட்டுவிடுவேன்.

சைவம் என்றால் தூரம் போக வேண்டாம், டவுன்ஹால் ரோட்டிலும் மேல மாசி வீதியிலும் நல்ல சாப்பாடு கிடைக்கும். அளவாகச் சாப்பிட்டு ஒன்றரை மணிக்கு அறைக்கு வாருங்கள். மதியம் கோயிலும் சாத்தியிருக்கும். வெயிலில் அலைவதால் ஒரு லாபமும் இல்லை. நாலு மணி வரை தூக்கம்.

படி 6: கோயில், மாலையிலிருந்து பள்ளியறை வரை

காலையில் கோயிலுக்குப் போகாமல் விட்டது இதற்காகத்தான். நாலு மணிக்குத் திறப்பார்கள். காபி குடித்துவிட்டு ஐந்து மணிக்கு முதலில் வெளியே சித்திரை வீதிகளை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வண்டி வராத தெருக்கள், நிம்மதியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். மொத்தம் பதினான்கு கோபுரம். தெற்குக் கோபுரம் எல்லாவற்றிலும் உயரம், 170 அடி. சாயங்கால வெயிலில் மேற்குக் கோபுரத்து சுதைச் சிற்பங்களின் வண்ணம் தனியாகத் தெரியும். திருப்பணி நடக்கும் காலமாக இருந்தால் கோபுரத்தைச் சாரமும் ஓலையும் மூடியிருக்கும்.

செல்போன் உள்ளே போகாது. 2018இல் கோயிலில் தீ விபத்து நடந்த பிறகு வந்த தடை இது. கேமரா, பை, செருப்பு எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த வாசல் எது என்பதை இருவரும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், உள்ளே சுற்றிவிட்டு வெளியே வந்தால் நாலு பக்கமும் ஒரே மாதிரி தோன்றும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் போன் செய்ய வழியில்லை. அதனால் பிரிந்தால் பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில் வந்து உட்கார வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். வேட்டியோ முழுக்கால் சட்டையோ, சேலையோ சுடிதாரோ, உடம்பை மூடிய உடை வேண்டும்.

கிழக்கே அஷ்ட சக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். இந்தக் கோயிலில் முதல் வணக்கம் அம்மனுக்கு, சுவாமி பிறகுதான். பொற்றாமரைக் குளக்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மீனாட்சி சன்னதி. அங்கிருந்து சுவாமி சன்னதி போகும் வழியில் முக்குறுணிப் பிள்ளையார். தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்பார்கள், விநாயகர் சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டையாகப் படைப்பார்கள். கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பம் இருக்கும் தூணை விடாதீர்கள். தாரை வார்க்கும் திருமால், தலை குனிந்த மணப்பெண், பக்கத்தில் சுந்தரேசர். கல்லில் வெட்கத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அப்புறம் வெள்ளியம்பலம். எல்லா ஊரிலும் இடது காலைத் தூக்கி ஆடும் நடராஜர் இங்கே வலது காலைத் தூக்கி ஆடுகிறார். பாண்டிய மன்னன் கேட்டுக்கொண்டதற்காகக் கால் மாற்றினார் என்பது கதை.

ஆயிரங்கால் மண்டபத்தை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது, அது அருங்காட்சியகமாக இருப்பதால் கோயிலுக்கு முன்பே மூடிவிடுவார்கள். தூண்கள் 985. தூணுக்குத் தூண் யாளியும் குறத்தியும் ரதியும் மன்மதனும். ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரிந்து பார்த்துக்கொண்டே போய், பிடித்த சிற்பத்தை மற்றவருக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வழிகாட்டி வைத்துக்கொள்வதை விட இப்படிப் பார்ப்பதில் அதிகம் கண்ணில் படும்.

இரவு ஒன்பது மணி சுமாருக்குச் சுவாமி சன்னதிப் பக்கம் வந்து நில்லுங்கள். இந்தக் கோயிலில் எனக்கு எல்லாவற்றையும் விட உயர்ந்த நேரம் இதுதான். சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போக, அம்மன் சன்னதியில் இருக்கும் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள். தினமும் நடக்கிறது. பகலில் நெருக்கித் தள்ளும் கூட்டம் போய், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் பேர்தான் நிற்பார்கள். சாம்பிராணிப் புகை, ஓதுவார் பாட்டு, பிறகு நடை சாத்துவது. விசேஷ நாட்களில் நேரம் முன்பின் ஆகும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். துணையோடு வந்தவர்கள் பேசாமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று.

படி 7: முதல் ராத்திரி

ஒன்பதரை, பத்துக்கு வெளியே வந்தால் பசி நன்றாக எடுத்திருக்கும். கனமானதை முதலில் சாப்பிடுங்கள். வயிறு காலியாக இருக்கும்போதுதான் அதன் ருசி தெரியும்.

சிம்மக்கல்லுக்கு ஆட்டோ பிடித்தால் கோனார் கடை. கறி தோசைக்குப் பேர்போனது. தடியாக மாவு ஊற்றி, மேலே முட்டை, அதற்கு மேலே மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி பரப்பி, கல்லிலேயே திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். "அண்ணே, ஒன்னை ரெண்டாப் பிரிச்சுக் குடுங்க" என்று சொன்னால் மதுரையில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டு இலையில் வைத்துத் தருவார்கள், குழம்பும் கேட்கிற வரை ஊற்றுவார்கள்.

அங்கிருந்து மாசி வீதிகளுக்கு நடந்தே திரும்புங்கள். வழியில் பருத்திப்பால் வண்டி தென்படும். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம் சேர்த்துக் காய்ச்சியது. சூடாக ஒரு தம்ளர் குடித்தால் அடுத்த கடைக்கு வயிறு தயாராகிவிடும்.

பதினொரு மணிக்கு மேல் இட்லிக் கடைகள். ஓரத்தில் ஒரு பெஞ்ச், ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரை, துணியோடு தட்டில் கவிழ்க்கும் அக்கா. இட்லியும் நாலு வகைச் சட்னியும் கொடுப்பார்கள். அசைவக் கடையாக இருந்தால் குடல் குழம்பு, ஈரல், தலைக்கறி எல்லாம் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும். குடல் குழம்பும் இட்லியும் சேர்வது வேறு எந்த ஊரிலும் இவ்வளவு பொருத்தமாக எனக்குக் கிடைத்ததில்லை. நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான்: ஆட்டோக்காரர்களும் கடை அடைத்துவிட்டு வருகிறவர்களும் நின்று சாப்பிடுகிற இடம், கொப்பரை அடிக்கடி திறக்கிற இடம். மாவு தீர்ந்தால் கடையை எடுத்துவைத்து விடுவார்கள்.

சைவத் துணைக்கு இந்த ராத்திரியில் குறை வைக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து இடியாப்பம், பணியாரம், வெள்ளையப்பம் என்று நிறைய உண்டு. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் தொடங்கிய இடியாப்பக் கடைகள் மதுரையில் இன்னும் பேர் சொல்கின்றன. கடைசியில் மசாலா பால். நடுச்சாமத்துக்கு மேல் விருப்பமிருந்தால் பெரியார் நிலையம் பக்கம் ஒரு டீ.

மது விஷயத்தைக் கேட்பவர்களுக்காக: நட்சத்திர ஹோட்டல்களில் பார் உண்டு, டாஸ்மாக் இரவு பத்து மணிக்கு மூடிவிடும். மதுரையின் ராத்திரிக்கு அது தேவைப்படுவதில்லை.

இரண்டு பெண்களாகப் போகிறவர்கள் கவனத்துக்கு. கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் பதினொரு மணி தாண்டியும் குடும்பம் குடும்பமாக ஆள் நடமாட்டம் இருக்கும். அதற்கு மேல் குறுக்குச் சந்துகளை விட்டு, வெளிச்சமான பெரிய தெருவிலேயே நடங்கள். வைகைக் கரை ஓரமாக இரவில் நடக்க வேண்டாம். தூரமான கடை என்றால் போகும் ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லி அதிலேயே திரும்புங்கள்.

படி 8: இரண்டாம் நாள் பகல்

கஷ்டப்பட்டு ஆறு மணிக்கு எழுந்தால் அதற்குப் பலன் சமணர் மலை. ஊருக்கு மேற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டு. 9, 10ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக் குகை, அங்கேயும் பெரிய சிற்பம் உண்டு. எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சூடாகிவிடும். தண்ணீர் கொண்டு போங்கள். எழுந்திருக்க முடியவில்லையா, சரி, தூங்குங்கள். ஒருவர் மட்டும் கட்டாயத்துக்காக மலையேறினால் அன்றைய நாள் முழுக்க அந்தக் களைப்பு தெரியும்.

பத்தரைக்குத் தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் வாழ்ந்த அரண்மனையில் 1959இல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த வேட்டி இங்கே இருக்கிறது. நேற்று மேல மாசி வீதியில் பார்த்த வீட்டையும் இந்த வேட்டியையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு வேட்டியின் தொடக்கமும் முடிவும் இந்த ஊரிலேயே இருப்பது புரியும். அவசரமாக ஓடாதீர்கள், ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

திரும்பும் வழியில் கோரிப்பாளையத்தில் விசாலம் காபி. பிறகு எளிமையான மதியச் சாப்பாடு, மறுபடி தூக்கம்.

படி 9: தெப்பக்குளமும் பரோட்டாவும்

ஐந்து மணிக்கு வண்டியூர் தெப்பக்குளம். மகாலைக் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் குளமாக்கினார் என்று சொல்வார்கள். தண்ணீர் நிறைந்திருந்தால் நடுவில் இருக்கும் மைய மண்டபம் மிதப்பதுபோலத் தெரியும். மதுரைக்காரர்களுக்குக் கடற்கரை இதுதான். கரைச் சுவரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், சுற்றிலும் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சோளம். நீங்களும் உட்காருங்கள். இரண்டு நாளாகச் சுற்றியதில் பேச முடியாமல் போனதையெல்லாம் பேச நல்ல இடம்.

ராத்திரி பரோட்டாவுக்கு. வைகைக்கு வடக்கே அண்ணா நகர், சாத்தமங்கலம் பக்கம் பன் பரோட்டா கடைகள். சின்னதாக, உப்பலாக, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். சால்னாவை ஊற்றச் சொல்லாமல் தனியாகக் கிண்ணத்தில் வாங்கி, முதல் பரோட்டாவைத் தொட்டும் இரண்டாவதைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்தும் சாப்பிடுங்கள். கூட ஒரு மட்டன் சுக்கா, ஒரு கரண்டி ஆம்லெட். இருவருக்கும் பசி மிச்சமிருந்தால் ஒரு கொத்து பரோட்டா. கல்லில் கரண்டி தட்டும் தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சினிமா பிடித்த ஜோடியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு செகண்ட் ஷோ. புதுப் படம் வந்த வாரத்தில் மதுரைத் தியேட்டரில் விசிலும் கைதட்டலும் சேர்ந்ததுதான் படம். ஒரு மணிக்கு விட்டு வெளியே வரும்போதும் பால் கடையும் இட்லிக் கடையும் திறந்திருக்கும்.

ஊருக்கு அல்வா வாங்க நினைத்தால் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் பிரேமா விலாஸ். கொஞ்சம் சூடாக இலையில் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

படி 10: விடியற்காலைப் பூ மார்க்கெட், பிறகு ஊர்

பஸ்ஸில் திரும்புகிறவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கே மாட்டுத்தாவணிக்குப் போய்விடுங்கள், பூ மார்க்கெட் அங்கேதான். மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து இறங்கும், விலை கூவுவார்கள், தராசு ஓயாது. முகூர்த்த நாளாக இருந்தால் கூட்டமும் விலையும் பல மடங்கு. நடுவழியில் நின்று போட்டோ எடுத்தால் மூட்டை தூக்குபவர்களுக்கு இடைஞ்சல், ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை மொட்டாகவே வாங்குங்கள். தண்டு நீளமாக, இதழ் தடிப்பாக இருக்கும். விரிந்த பூ ஊர் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும். வாழை இலையில் சுற்றிக் கட்டித் தரச் சொன்னால் சாயங்காலம் வரை தாங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் வியர்த்துக் கறுத்துவிடும்.

ரயிலில் போகிறவர்கள் மார்க்கெட்டையும் ஸ்டேஷனையும் சேர்க்க ஆட்டோ பேசிக்கொள்ள வேண்டும். காலை ரயில் என்றால் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள்.

அரை நாள் கூடுதலாக இருந்தால் இரண்டு வழி. வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் அழகர்கோயில். மலையடிவாரப் பெருமாள் கோயிலில் உளுந்தும் மிளகும் சுக்கும் நெய்யும் மணக்கும் தடித்த தோசை பிரசாதமாகக் கிடைக்கும். ஒன்று வாங்கினால் இருவருக்கும் போதும். தென்கிழக்கே போனால் கீழடி அருங்காட்சியகம், 2023 மார்ச்சில் திறந்தது. வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். பெரியவர்களையோ குழந்தைகளையோ வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அழகர்கோயில் தோசை நல்லது, அது ஊர் போகிற வரை கெடாது.